ஓபர்லின் போன்ற சின்ன கல்லூரி ஊருக்கு மகளைத் தனியாக அனுப்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகளுக்கு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஊரின் மக்கள் தொகையே எட்டாயிரத்துச் சொச்சம்தான் என்று தெரிந்ததும் வீட்டில் பயம் வந்துவிட்டது. மதுரையில் வளர்ந்த பெண் அங்கே எப்படி இருப்பாள், ஊர்க்காரர்கள் எப்படிப் பழகுவார்கள், கல்லூரிக்கும் ஊரில் ஒரு கடைக்கும் பெரிய வழக்கு நடந்ததாமே என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்த ஊரில் பதினொரு வருடம் குடியிருந்தேன். கல்லூரியில் படித்ததில்லை, வேலை பார்த்ததும் இல்லை. என் கணவருக்குப் பக்கத்து ஊரான எலிரியாவில் வேலை. எங்களுக்குப் பிடித்த வீடு ஓபர்லினில் அமைந்தது. அதனால் நான் சொல்வதெல்லாம் ஊர்ப் பக்கத்திலிருந்து பார்த்தது.

முதலில் அளவு. 2020 கணக்கெடுப்பில் 8,555 பேர். இதில் கல்லூரிப் பிள்ளைகளும் அடக்கம். அவர்களே மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருப்பார்கள். அவர்களைக் கழித்தால், வருடம் முழுக்க அங்கேயே வாழ்பவர்கள் ஐந்தரை ஆயிரம் பேர் தேறுவார்கள். கிளீவ்லாந்து நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 55 கிலோமீட்டர். சுற்றிலும் சமதரை, சோளக்காடு, சோயா வயல். ஊருக்கு நடுவில் டாப்பன் ஸ்கொயர் என்ற 13 ஏக்கர் புல்வெளி, பெரிய மரங்களோடு. அதன் ஒரு மூலையில் மெயின் தெருவும் காலேஜ் தெருவும் சந்திக்கும் இடம்தான் கடைவீதி. ஒரு சினிமா தியேட்டர் உண்டு, 1913இலிருந்து இருக்கும் அப்பல்லோ. புல்வெளியைச் சுற்றிக் கல்லூரிக் கட்டடங்கள், அடுத்த தெருவில் வீடுகள். கேம்பஸ் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று காட்ட மதில் சுவரோ வாசலோ கிடையாது. நம் ஊர்க் கல்லூரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுதான் முதலில் புதிதாகப் படும். புல்வெளியில் வெள்ளை அணில் ஓடும். அதைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று பிள்ளைகள் நம்புவார்கள்.

மதில் இல்லாததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இருந்த ஊரில் கல்லூரி வந்து சேரவில்லை. இரண்டும் ஒன்றாகவே பிறந்தன. 1833இல் ஜான் ஜே ஷிப்பர்ட், ஃபைலோ ஸ்டூவர்ட் என்ற இரண்டு கிறிஸ்தவ ஊழியர்கள் காட்டை வெட்டிக் குடியேற்றம் அமைத்தார்கள். அந்தக் குடியேற்றத்தின் நோக்கமே ஒரு பள்ளியை நடத்துவதுதான். அல்சாஸ் மலைக் கிராமங்களில் சேவை செய்த ஓபர்லின் என்ற போதகரின் பெயரை இரண்டுக்கும் வைத்தார்கள். படிக்க வந்தவர்கள் தினமும் சில மணி நேரம் வயலிலும் பட்டறையிலும் உழைக்க வேண்டும். ‘கல்வியும் உழைப்பும்’ என்பது இன்றும் கல்லூரியின் முத்திரை வாசகம்.

இரண்டே வருடத்தில் கையில் பணம் இல்லை. அதே சமயம் சின்சினாட்டியில் லேன் செமினரி என்ற இறையியல் பள்ளியில், அடிமை முறை பற்றி விவாதிக்கக் கூடாது என்று நிர்வாகம் தடை போட, மாணவர்கள் கூட்டமாக வெளியேறியிருந்தார்கள். அவர்கள் ஓபர்லினுக்கு வரத் தயார். அடிமை முறையை எதிர்த்த நியூயார்க் வணிகர்களான டாப்பன் சகோதரர்கள் பணம் தரத் தயார். ஆனால் கறுப்பின மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது அதோடு வந்த நிபந்தனை. நிர்வாகக் குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றன. தலைவராக இருந்த ஜான் கீப் போட்ட ஒரு வாக்கில் 1835இல் அது நிறைவேறியது. இதை நான் ஊரில் பலரிடம் கேட்டிருக்கிறேன். பணமுடை அந்த முடிவுக்குத் தள்ளியதை யாரும் மறைத்துச் சொல்வதில்லை. 1837இல் நான்கு பெண்களை ஆண்களுக்குரிய அதே பட்டப் படிப்பில் சேர்த்தார்கள். அவர்களில் மூவர் 1841இல் பட்டம் பெற்றார்கள். 1862இல் மேரி ஜேன் பேட்டர்சன் பட்டம் வாங்கியபோது, அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்ற பெயர் அவருக்கு வந்தது.

இவையெல்லாம் கல்லூரியின் பெருமை. ஊரின் பெருமை எது என்று கேட்டால் 1858 செப்டம்பர் 13ஐத்தான் சொல்வார்கள். கென்டக்கியிலிருந்து தப்பி வந்து ஓபர்லினில் வாழ்ந்துகொண்டிருந்த ஜான் பிரைஸ் என்ற இளைஞரை, வேலை தருவதாக ஆசை காட்டி ஊருக்கு வெளியே வரவழைத்துப் பிடித்தார்கள். தப்பிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அன்றைய மத்தியச் சட்டம். ரயில் ஏற்றுவதற்காகத் தெற்கே 15 கிலோமீட்டர் தள்ளியிருந்த வெலிங்டன் ஊருக்குக் கொண்டுபோய் ஒரு ஹோட்டல் மாடியில் அடைத்தார்கள். செய்தி ஓபர்லினுக்கு எட்டியது. கடைக்காரர், தச்சர், பேராசிரியர், மாணவர், கறுப்பர், வெள்ளையர் என்று கிடைத்த வண்டியில் ஏறிக் கூட்டமாகப் போனார்கள். மாலைக்குள் ஹோட்டலுக்குள் புகுந்து பிரைஸை மீட்டு வந்தார்கள். பிற்பாடு கல்லூரித் தலைவரான ஜேம்ஸ் ஃபேர்சைல்டின் வீட்டில் ஒளித்து வைத்து, கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அரசு சும்மா விடவில்லை. 37 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். பலர் ஜாமீன் வேண்டாம் என்று கிளீவ்லாந்து சிறையிலேயே இருந்தார்கள். கடைசியில் வழக்கு நடத்தித் தண்டனை கொடுத்தது இருவருக்குத்தான்: சிமியன் புஷ்னல் என்ற வெள்ளையர், சார்லஸ் லாங்ஸ்டன் என்ற கறுப்பினத் தலைவர். அடுத்த வருடம், அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரின் அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கியபோது அவரோடு போன ஷெரிடன் லியரியும் ஜான் கோப்லண்டும் ஓபர்லின்காரர்கள். லியரி அங்கேயே சுடப்பட்டு இறந்தார், கோப்லண்டைத் தூக்கில் போட்டார்கள். லியரியின் மனைவி பிறகு சார்லஸ் லாங்ஸ்டனை மணந்தார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவர்களுடைய பேரன். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போய் உயிர் விட்டவர்களுக்கான நினைவுக்கல் மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான சின்ன பூங்காவில் இருக்கிறது. உங்கள் மகள் போனதும் முதல் வாரத்திலேயே அங்கே போய்ப் பார்க்கட்டும். கல்லூரி சுற்றிக்காட்டும் நடையில் அந்த இடம் வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார், கறுப்பினத்தவர். அவருடைய குடும்பம் உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்தே ஓபர்லினில் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப் பிள்ளைகள் வந்து, இந்த ஊரை எப்படி மாற்ற வேண்டும் என்று அவரிடமே விளக்குவார்களாம். அவர் பொறுமையாகக் கேட்பார். “நாலு வருஷத்துல போயிடுவாங்க. ஆனா நல்ல பிள்ளைங்க” என்று என்னிடம் சொல்வார். அந்தச் சொல்லில் பாசமும் இருந்தது, களைப்பும் இருந்தது. ஊரில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களில் பலருக்கு ஓபர்லின் என்பது படிக்க வந்த இடம் இல்லை. பாட்டன் பூட்டன் புதைந்திருக்கும் மண். அடிமை முறை முடிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் விழாவை நாடு 2021இல் விடுமுறையாக அறிவித்தது. ஓபர்லின் அதற்கு வெகு முன்பிருந்தே கொண்டாடி வந்தது. ஆனால் ஜூன் மாதத்தில் பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள், அதனால் பலர் அதைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகவே தோன்றியது.

அலுமினியக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நம் வீட்டுச் சட்டி பானை வரை வரும் விஷயம். ஒரு காலத்தில் அலுமினியம் விலை உயர்ந்த உலோகம். தாதுவிலிருந்து பிரித்தெடுக்கச் செலவு அப்படி. ஓபர்லினில் வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட் இதை வகுப்பில் சொல்லப்போய், சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற மாணவர் அதிலேயே இறங்கிவிட்டார். 1885இல் பட்டம் வாங்கினார். 1886 பிப்ரவரி 23 அன்று, வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில், உருக்கிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடை, கரைத்து மின்சாரம் செலுத்தி அலுமினியக் குண்டுமணிகளை எடுத்தார். அப்போது அவருக்கு வயது 22. அதே கல்லூரியில் வேதியியல் படித்த அக்கா ஜூலியா கூடவே இருந்தார். பிரான்சில் பால் ஏரூவும் அதே வருடம் அதே வழியைக் கண்டார். அதனால்தான் இன்றும் ஹால்-ஏரூ முறை என்கிறார்கள். ஹால் பெரும் பணக்காரராகி 1914இல் இறந்தபோது சொத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். டாப்பன் ஸ்கொயரில் அப்போது இருந்த கட்டடங்களை அகற்றிவிட்டுப் புல்வெளியாக வைக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். ஊரின் நடுவில் இன்று எல்லோரும் உட்காரும் நிழல் அப்படி வந்தது.

சரி, இனி பணம், வேலை, உரசல். கல்லூரி லாப நோக்கமற்ற நிறுவனம், அதனால் அதன் கல்விக் கட்டடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. ஊரின் நடு நிலமெல்லாம் வரி கட்டாத நிலமாக இருந்தால் ஊர் எதை வைத்து ஓடும்? ஒஹாயோவில் நகரங்கள் வருமான வரி போடலாம். கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊருக்குக் கட்டும் வரிதான் பெரிய தூண். அதனால் கல்லூரி ஆள் குறைத்தால் நகராட்சிக் கணக்கிலும் அது தெரியும். 2020இல் சாப்பாட்டுக்கூடம், துப்புரவுப் பணிகளை வெளி நிறுவனங்களிடம் விடக் கல்லூரி முடிவெடுத்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட சங்கத் தொழிலாளர்களின் வேலை கேள்விக்குறியானது. அவர்களில் பலர் ஊர்க்காரர்கள். அந்த வருடம் தெருவில் வேறு பேச்சே இல்லை. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் தொழிலாளர்கள் பக்கம் நின்று பேசினார்கள். கல்லூரி தவிர ஊரில் வேறு வேலையும் உண்டு. கிளீவ்லாந்து வான்வழியைக் கவனிக்கும் மத்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் இந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் குடும்பங்களுக்கும் கல்லூரி உலகத்துக்கும் பேச்சு வார்த்தை குறைவு.

வழக்கு பற்றிக் கேட்டீர்கள். கிப்சன்ஸ் பேக்கரி 1885இலிருந்து டாப்பன் ஸ்கொயருக்கு எதிரே இருக்கும் குடும்பக் கடை. 2016 நவம்பர் 9, அதாவது ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள், ஒரு கறுப்பின மாணவர் போலி அடையாள அட்டையோடு மது வாங்க முயன்றதிலும் திருட்டிலும் தொடங்கி, கடையிலிருந்தவர் துரத்திப் பிடிக்க, வெளியே கைகலப்பு ஆனது. மூன்று மாணவர்கள் கைதானார்கள். மறுநாளே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கடை வாசலில் திரண்டு, இது இனவெறிக் கடை என்று துண்டறிக்கை கொடுத்தார்கள். கல்லூரி நிர்வாகி ஒருவரும் அங்கே இருந்தார், அவர் கையிலிருந்தும் துண்டறிக்கை போனது. கல்லூரி அந்தக் கடையில் வாங்குவதைச் சில காலம் நிறுத்தியது. 2017இல் அந்த மூன்று மாணவர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கடைக்காரர் செய்தது இனவெறியால் இல்லை என்றும் நீதிமன்றத்தில் சொன்னார்கள். கடைக்காரர் குடும்பம் கல்லூரி மீது அவதூறு வழக்குப் போட்டது. 2019இல் ஜூரி நான்கு கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது, சட்ட வரம்பின்படி அது 2.5 கோடியாகக் குறைந்தது. மாணவர்களின் பேச்சுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்பது கல்லூரியின் வாதம். மேல்முறையீட்டிலும் தோற்று, வட்டியும் வக்கீல் செலவும் சேர்த்து 2022இல் 3.6 கோடி டாலருக்கு மேல் கட்டியது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வருடங்களில் டோனட் வாங்குவதே ஒரு கட்சியைச் சேர்வது போல ஆகிவிட்டது. பல வருட நண்பர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் மனதில் இருப்பது இதுதான்: கடையில் கறுப்பினத்தவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று மாணவர்கள் உணர்ந்த வலி கற்பனை இல்லை, அமெரிக்காவில் அந்த வலி எங்கும் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் நடந்ததை விசாரிக்காமல், அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இருபத்து நான்கு மணி நேரத்தில் தீர்ப்பு எழுதியது தவறு. என் பக்கத்து வீட்டு ஆசிரியையும் அப்படித்தான் நினைத்தார். பெரியவர்களாகிய நிர்வாகம் அங்கே பிள்ளைகளை நிதானப்படுத்தியிருக்க வேண்டும்.

அப்புறம், இரண்டு பக்கமும் கலக்கும் இடங்கள். அவற்றை உங்கள் மகள் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே 1865இல் தொடங்கிய கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 500 கச்சேரிகள், பெரும்பாலும் இலவசம். பனி கொட்டும் செவ்வாய்க்கிழமை இரவில் ஃபின்னி சேப்பலில் உலகத் தரத்தில் பியானோ கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்திருக்கிறேன். மியூசிக்கல் யூனியன் என்ற சேர்ந்திசைக் குழு 1837இலிருந்து இருக்கிறது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் ஒரே வரிசையில் நின்று பாடுவார்கள். எழுபது வயது ஆள் பக்கத்தில் பதினெட்டு வயதுப் பெண் நிற்பது அங்கே சாதாரணம். கெண்டல் என்ற முதியோர் குடியிருப்பிலிருந்து வகுப்பில் வந்து உட்காருபவர்களும் உண்டு.

இன்னொன்று எக்ஸ்கோ. 1968இலிருந்து நடக்கிறது. மாணவரோ ஊர்க்காரரோ யார் வேண்டுமானாலும் தனக்குத் தெரிந்ததை ஒரு பருவம் பாடமாக நடத்தலாம், யாரும் சேரலாம். நான் இரண்டு பருவம் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். முதல் வகுப்பில் ஏழு பேர். ஒருவர் ஊர் மின்வாரியத்தில் வேலை செய்தவர். ‘ழ’ அவருக்குத்தான் முதலில் வந்தது. உங்கள் மகளுக்கு கோலம் போடத் தெரிந்தாலும் போதும், அதை நடத்தச் சொல்லுங்கள். ஊர் மனிதர்களை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கலை அருங்காட்சியகத்திலும் ஒரு வழக்கம் 1940இலிருந்து இருக்கிறது: ஒவ்வொரு பருவமும் சில டாலர் கொடுத்து அசல் ஓவியங்களைப் பிள்ளைகள் தங்கள் அறையில் மாட்ட எடுத்துப் போகலாம். அதற்காக முந்தைய இரவே வரிசையில் படுத்துக் கிடப்பார்கள்.

மதுரை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். 1900இல் சீனாவில் வெளிநாட்டினரை எதிர்த்து எழுந்த பாக்சர் கலவரத்தில் கொல்லப்பட்ட ஓபர்லின் மிஷனரிகளுக்காக டாப்பன் ஸ்கொயரில் ஒரு கல் வளைவு நிற்கிறது. அவர்கள் நினைவாக 1908இல் ஷான்சி என்ற அமைப்பு உருவானது. சீனாவில் 1950களில் வழி அடைபட்ட பிறகு அது பட்டதாரி இளைஞர்களை ஆசியாவின் வேறு ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அதில் உங்கள் ஊரின் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் உண்டு. கோரிப்பாளையத்திலும் தல்லாகுளத்திலும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஆட்கள் ஓபர்லினில் எனக்கே பழக்கம். ஒருவர் என்னிடம் முதலில் கேட்டது, ஜிகர்தண்டா செய்யத் தெரியுமா என்று. பட்டமளிப்பு ஊர்வலத்தில் அந்த வளைவுக்குள் நடக்காமல் சுற்றிப் போகும் மாணவர்களும் உண்டு. இறந்த சீனர்களை அந்தக் கல் மறந்தது என்பது அவர்கள் நியாயம்.

இனி நடைமுறை. சாப்பாடு: மாணவர்களே சமைத்து நடத்தும் கூட்டுறவுச் சாப்பாட்டுக்கூடங்கள் 1950இலிருந்து உண்டு, கோ-ஆப் என்பார்கள். வாரத்தில் சில மணி நேரம் சமையலோ பாத்திரமோ செய்தால் செலவு குறையும், சைவம் தாராளம். நூறு பேருக்குச் சாம்பார் வைக்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும். போக்குவரத்து: ஊருக்குள் நடை, சைக்கிள் போதும், ஊரை விட்டு வெளியே போகக் கார் உள்ள தோழி வேண்டும். குளிர்: நவம்பர் முதல் மார்ச் வரை சாம்பல் நிற வானம்தான், பனியைவிட வெயில் இல்லாததுதான் மனதை அழுத்தும். குளிருக்கான கோட்டு இங்கே வாங்காதீர்கள், அங்கே போய் வாங்கட்டும். ஜனவரி முழுக்க வகுப்பு இல்லாமல் தனித் திட்டம் செய்யும் பருவம். பாதிப் பேர் வெளியூர் போய்விடுவார்கள், ஊர் வெறிச்சென்று இருக்கும். முதல் வருடம் அந்த மாதத்துக்கு மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

பாதுகாப்பு: இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்பியவள் நான், பயந்ததில்லை. தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பார்மாவில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது. 1978இலிருந்து கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனை ஈஸ்டர் சமயத்தில் வரும். சென்னை வித்வான்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். நன்றிநாள் விடுமுறைக்கு, அதாவது நவம்பர் நான்காவது வியாழக்கிழமை, ஊர்க் குடும்பம் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் அவள் தயங்காமல் போகட்டும். வெறுங்கையோடு போக வேண்டாம், ஒரு டப்பா முறுக்கை இங்கிருந்தே கட்டிக் கொடுத்து விடுங்கள்.